கேத்திலுக்குச் சொன்னவை

ஒஸ்லோ
12. 10. 2024, சனிக்கிழமை

அன்புள்ள அனஸ்ரேசியாவுக்கு,

இந்த எழுத்துகளைப் பார்த்து முதலில் சிரித்துவிடும், பிறகு மன்னித்துவிடும். ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். கோட்டின்மேல் நில் என்றால் நிற்காமல் சரிந்து விழுகின்றன. ஆனால் இது வேறு ஆள் எழுதித் தந்த கடிதம் இல்லை. உம்முடைய புருஷன் எலியாஸ், எழுபத்திரண்டு வயதில், தன்னுடைய கையாலேயே எழுதுகிறேன். இந்த இடத்துக்கு வந்துசேர ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெப்ரவரியில் எனக்குப் பாரிசவாதம் வந்த பிறகு, வலது கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஓர் உருண்டைக் களியைத் தந்து பிசையச் சொன்னாள். மா குழைத்தால் ரொட்டியாவது கிடைக்கும், இதைப் பிசைந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். “விரல் வேலை செய்தால் போதும், பின்னலாம், எழுதலாம்” என்றாள். அந்தக் கிழமையே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போய் அருள்நாயகி ரீச்சருக்கு முன்னால் நின்றேன். நாற்பது வருடமாக ஒஸ்லோவில் எல்லாருக்கும் “கண்ணாடியை மறந்திட்டன்” என்று சொன்ன வாய். அன்றைக்கு, “ரீச்சர், எனக்குக் கண்ணாடி தேவையில்லை, எழுத்துத்தான் தேவை” என்று சொல்லிவிட்டது.

முதலாம் வகுப்பில் கடைசி வரிசையில் இருத்தினார். கதிரை சிறிது, முழங்கால் நாடியைத் தொடும். ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, “தாத்தா, நீங்கள் எத்தினை தரம் ஃபெயில்?” என்று கேட்டது. எல்லாத் தரமும் என்றேன். மதிப்போடு பார்த்தது.

இப்போது கண்ணை மூடினால் எழுத்துகள் பனியைப்போல மெதுவாக விழுகின்றன. குறொன்லாண்டில் தமிழ்க் கடைக்குப் போனால் ஒன்றும் வாங்காமலே நெடுநேரம் நிற்கிறேன். எல்லாப் பைகளும் என்னோடு கதைக்கின்றன. ஆறு வருடமாகப் புட்டு மா என்று நான் வாங்கியது அப்ப மாவாம். புட்டு ஏன் களியாகிறது என்று இப்போதுதான் விளங்கியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்கத்தான் எழுதவே பழகினேன்.

பாரிசவாதம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. வலியும் இல்லை, பயமும் இல்லை. சமையலறை நிலத்தில் கிடக்கிறேன். யன்னலுக்கு வெளியே பனி கீழேயிருந்து மேலே போகிறது. கதவு திறக்கிறது. அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாகனத்தில் கிடத்துகிறார்கள். வாகனம் ஓடவில்லை, எங்கள் கட்டடத்து வாசலிலேயே நின்றது. தலையைப் படமெடுக்கிற இயந்திரம் அதற்குள்ளேயே இருந்தது. மேலே ஒரு சின்னத் திரை. திரைக்குள் ஒரு பெண் பிள்ளை, கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிற மாதா சுரூபம்போல. மாதா நோர்வேஜிய மொழியில் என்னவோ கேட்டார். வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை, கூழ்தான் வந்தது. அப்போது அம்புலன்ஸ் பெண்ணின் கையிலிருந்த என்னுடைய போனுக்குள் உம்முடைய குரல் கேட்டது. அதைக் கேட்டதும் மாதாவும் தமிழுக்கு மாறினார். அதுவும் சினிமாத் தமிழ்.

“சார், ரெண்டு கையையும் தூக்குங்க. கண்ணை மூடிக்கோங்க. அப்படியே வெச்சிருங்க.”

இடது கை நின்றது. வலது கை யாரோ ஒருவருடைய கைபோல விழுந்தது.

“சிரிங்க சார். பல்லைக் காட்டுங்க.”

இந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு என் முகத்துக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்து வாசிக்கச் சொன்னார்கள். பார்த்தபடி கிடந்தேன். டொக்டர் என்னவோ குறிக்கப் போனார். அப்போதுதான் நீர் கத்தினீர்.

“அவருக்கு வாசிக்கத் தெரியாது டொக்டர்! அது இண்டைக்கு வந்த வருத்தமில்லை, பிறந்ததிலையிருந்து இருக்கிறது!”

“அப்போ பேச்சு?”

“பேச்சு நல்லாய் வரும். எட்டுப் பதினாறுக்கும் வந்தது. எட்டுப் பதினேழுக்குத்தான் குழம்பினது.”

கையில் ஊசி ஏறியது. பிறகுதான் வாகனம் ஓடியது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது என் சின்ன விரல் அசைந்தது.

டொக்டர் மீரா, அதுதான் மாதாவின் பெயர், பிறகு என்னிடம் சொன்னார். இரத்தக் கட்டியைக் கரைக்கிற அந்த மருந்துக்கு நேரம் தெரியவேண்டுமாம். எப்போது தொடங்கியது என்று தெரியாமல் போட்டால் தலைக்குள் இரத்தம் கசிந்து ஆளே போகலாமாம். “உங்க மனைவி நிமிஷத்தோட சொன்னாங்க சார், அதனாலதான் நான் தைரியமா போடச் சொன்னேன்” என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

ஆனால் அனஸ்ரேசியா, நீர் ஸ்தவாங்கரில் மகள் நிலூஜாவோடு இருக்கிறீர். ஆறு வருடமாக என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. காலையில் எட்டு மணிக்கு நான் உமக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவேன், மூன்றுதரம் மணி அடித்ததும் வெட்டிவிடுவேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும் என்று நிலூஜா செய்த ஏற்பாடு அது. நீர் எடுப்பதே இல்லை. அப்படியென்றால் எட்டுப் பதினேழு உமக்கு எப்படித் தெரியும்? நிலூஜாவைக் கேட்டால், “அம்மாவைக் கேளுங்கோ” என்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக வாயில் வந்த நேரத்தைச் சொன்னீரோ? அப்படியென்றாலும் சொல்லும். எதுவென்றாலும் எனக்குத் தெரியவேண்டும்.

கை வலிக்கிறது, மனம் வலிக்கவில்லை.

இப்படிக்கு,
எலியாஸ்


சேசு மரி சூசை

ஸ்தவாங்கர்
21. 10. 2024

நிலூஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நோரா உறையைப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, இது எந்தப் பிள்ளை எழுதினது?” என்று கேட்டாள். உன்னுடைய அம்மப்பா என்று சொன்னேன். “அவருக்கும் ஆறு வயதோ?” என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தெட்டு வருடம் நான் கெஞ்சினேன். வீட்டிலேயே சொல்லித் தருகிறேன் என்றேன், கதவைச் சாத்திவிட்டுப் படிப்போம் என்றேன். அப்போது வராத ஆசை, யாரோ ஒருத்தி களியைப் பிசையச் சொன்னதும் வந்துவிட்டது. இருக்கட்டும். படித்தீர்களே, அதற்காக மெழுகுதிரி கொளுத்தினேன்.

பிரஷர்க் குளிசையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறீர்களா? பெட்டியின் பெயரை இனி நீங்களே வாசிக்கலாம்.

நேரம் கேட்டார்கள், சொன்னேன். மணிக்கூடு எல்லா வீட்டிலும் இருக்கிறது. பொய் சொல்லவில்லை. உயிர் விஷயத்தில் பொய் சொல்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இதற்குமேல் கிண்ட வேண்டாம்.

அனஸ்ரேசியா


ஒஸ்லோ
3. 11. 2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனஸ்ரேசியாவுக்கு,

உம்முடைய கடிதத்தை வீட்டில் வைத்து வாசித்தால் கெதியாக முடிந்துவிடும் என்று ரி-பானா ரயிலுக்குக் கொண்டுபோனேன். என் பெயருக்கு வந்து, நானே வாசித்த முதல் கடிதம் அல்லவா. குறொன்லாண்டில் ஏறி முதல் வரியில் விரலை வைத்தேன். நோராவின் பகிடி விளங்கி நான் சிரித்தபோது, வண்டி மலைக்கு மேலே கடைசி நிலையத்தில் நின்றது. ஒரே மூடுபனி. மரங்கள் இருந்தன, ஆனால் அரைவாசி அழித்த எழுத்துகள்போல. சாரதி வந்து பார்த்தான். கடிதத்தைக் காட்டினேன். காதல் கடிதம் என்று நினைத்தானோ என்னவோ, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். அதே வண்டியில் கீழே வரும்போது பிரஷர்க் குளிசைவரை வாசித்தேன். அடுத்தநாளும் போனேன்.

கிண்ட வேண்டாம் என்றீர். நான் கிண்டத்தான் போகிறேன். அம்புலன்ஸ் பெண் மேசையிலிருந்து என் போனைத் தூக்கியபோதே அதற்குள் நீர் கத்திக்கொண்டிருந்தீர். யாரும் எண் அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். கனவென்று நினைத்திருந்தேன், ஆனால் மீரா டொக்டரும் அப்படித்தான் சொல்கிறார்: “நாங்க கால் பண்ணவே இல்ல சார், அவங்க ஏற்கெனவே லைன்ல இருந்தாங்க.”

அதைவிட முக்கியமான ஒன்றும் எழுதவேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு நடந்த, வின்சென்றின் மகளுடைய கலியாணப் பூசை. பொதுமன்றாட்டு வாசிக்க என்னைக் கூப்பிட்டுக் கையில் தாளைத் தந்தார்கள். கண்ணாடி இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானோ, நீர் முன்பு மனப்பாடமாக்கித் தந்த மன்றாட்டு இருக்கிறதே என்று எழும்பிப் போனேன். அது அதற்கு முந்தின கிழமை செத்தவீட்டுப் பூசைக்கு நீர் சொல்லித் தந்தது. பொம்பிளை, மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டு, “இவ்வுலகைவிட்டுப் பிரிந்த இவர்களின் ஆன்மா இளைப்பாற” என்று உரத்துச் சொன்னேன். கோவிலே “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டது. அதுதான் கொடுமை.

பிறகு மண்டபத்தில், எல்லாருக்கும் கேட்க, “நீர்தான் பிழையாய்ச் சொல்லித் தந்தனீர்” என்று உம்மை ஏசினேன். நீர் கேட்டீர்: “நான் உங்கடை மனுசியோ, மூக்குக்கண்ணாடியோ?” அடுத்த கிழமை நிலூஜாவின் பிள்ளைப்பேற்றுக்கு என்று ஸ்தவாங்கருக்குப் போனீர். நோராவுக்கு இப்போது ஆறு வயது.

பிழை என்னுடையது. நீர் சரியாகத்தான் சொல்லித் தந்தீர். இதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். எழுத்தில் தருகிறேன், யாருக்கு வேண்டுமானாலும் காட்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு வாரும். வந்து நின்றுவிடும். அலுமாரியின் இடது பக்கத்தை வெறுமையாக்கிவிட்டேன்.

எலியாஸ்


சேசு மரி சூசை

ஸ்தவாங்கர்
11. 11. 2024

நிலூஜாவின் அப்பாவுக்கு,

மன்றாட்டுப் பகுதியை இரண்டுதரம் வாசித்தேன். ஒருதரம் அழுதேன், ஒருதரம் சிரித்தேன். நீங்கள் ஒன்றை எழுதித் தந்தபடியால் நானும் ஒன்றைத் தரவேண்டும். கோபிக்க வேண்டாம். நீங்கள் வாசிக்கிற வேகத்தில் கோபம் ஒரு கிழமை இழுபடும்.

நீங்கள் போனை வெட்டுவதில்லை. வெட்டுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பொத்தானை அமத்துகிறீர்கள். திரை இருண்டுவிடும். ஆனால் இங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும். முதல் கிழமையில் ஒருநாள், இது ஏன் நிற்கவில்லை, உங்களுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் எடுத்தேன். நீங்கள் தண்ணீர் கொதிக்கவைத்தபடி கேத்திலோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். “இனி நீயும் நானும்தான் மச்சான், எனக்குச் சூடு காட்டாதை” என்றீர்கள். வெட்டத்தான் நினைத்தேன். விரல் போகவில்லை.

அடுத்தநாளும் எடுத்தேன். ஆறு வருடம், எல்லா நாளும் எடுத்தேன். நீங்கள் தண்ணீர் வைக்கும்போது நானும் இங்கே வைப்பேன். நீங்கள் டிராம் கழுவிய காலத்தில் இருக்கைக்குக் கீழே பல்செட் ஒன்று கண்டெடுத்து, அது யாருடைய வாய்க்குப் பொருந்தும் என்று ஒவ்வொரு பயணியாகப் பார்த்த கதையை ஒருநாள் சொன்னீர்கள். சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தேன். உங்கள் சினேகிதன் யோகராசா செத்தபோது செத்தவீட்டில் நீங்கள் கண்ணீர் விடவில்லை என்று நிலூஜா சொன்னாள். நீங்கள் அழுத காலை எனக்குத் தெரியும். என்னைத் திட்டிய காலைகளும் உண்டு. அரைவாசி சரியாகத்தான் திட்டினீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பனி வழிக்கிறவனை ஏசிக்கொண்டிருந்தீர்கள். “எல்லாப் பனியையும் கொண்டுவந்து எங்கடை வாசலிலைதான் குவிக்கிறான்” என்று தொடங்கி, ‘குவி’ என்ற இடத்தில் சொல் குழைந்தது. பகிடி பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன். கோப்பை விழுந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நிலூஜாவின் போனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உங்களுடைய போனை அவர்கள் கையில் எடுக்கும்வரை நான் என்னுடைய போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

முதலில் வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு பயத்தால் சொல்லவில்லை. நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நீங்கள் கதைக்கமாட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் நீங்கள் எனக்குச் சொன்னது, “உப்புக் காணாது”, “இந்தக் கடிதத்திலை என்ன கிடக்கு” என்ற இரண்டுதான். கேத்திலுக்குச் சொன்னதில் காற்பங்கை எனக்குச் சொல்லியிருந்தால், பிள்ளைப்பேறு முடிந்ததும் திரும்பி வந்திருப்பேன்.

அதனால் நத்தாருக்கு நான் வரவில்லை. வந்தால் கேத்திலோடு கதைக்கிற அந்த மனிசனை இழந்துவிடுவேன். அலுமாரிக்குள் உங்கள் சட்டைகளையே வையுங்கள்.

அனஸ்ரேசியா


ஒஸ்லோ
24. 11. 2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனஸ்ரேசியாவுக்கு,

கோபம் இல்லை. முதல்நாள் வெட்கமாக இருந்தது. கேத்திலைப் பார்க்கவே முகமில்லை, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டானே என்று. இரண்டாம் நாள் வேறு மாதிரி இருந்தது. ஆறு வருடமும் இந்தச் சமையலறையில் தனியாக நின்றேன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள்கூடத் தனியாக நிற்கவில்லையாம். இதைவிட நல்ல செய்தி இந்த வயதில் ஒருவருக்கு வரும் என்று நான் எண்ணியதில்லை. யன்னலோரம் கதிரையைப் போட்டு இருந்தேன். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. பழைய காலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, உம்மையும் அதற்குள் இருத்தி, திரும்பப் பார்த்தேன்.

ஆனால் நீர் பயந்தபடியேதான் நடந்தது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அடித்தேன். நீர் எடுத்தீர் என்று எனக்குத் தெரியும், மூச்சுக் கேட்டது. தண்ணீர் கொதித்தது, இறக்கினேன், தேத்தண்ணீர் போட்டேன். ஒரு சொல் வரவில்லை. மீரா டொக்டர் திரையில் வந்து கையைத் தூக்கச் சொல்லப்போகிறாரோ என்று நினைக்கிற அளவுக்கு வாய் கட்டிவிட்டது. கடைசியில், “இண்டைக்குக் குளிர்” என்றேன். செவ்வாயும் அதே “குளிர்”. புதன்கிழமை அதுவும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆறு வருடம் நீர் கேட்டீர். இனி நான் கேட்கிறேன். எட்டு மணிக்கு நீர் எனக்கு அடியும். என்னோடு கதைக்க வேண்டாம். போனை மேசையில் வைத்துவிட்டு உம்முடைய வேலையைப் பாரும். யாரையும் ஏசவேண்டுமென்றால் ஏசும். நான் இருமக்கூட மாட்டேன்.

எலியாஸ்


ஒஸ்லோ
1. 12. 2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனஸ்ரேசியாவுக்கு,

நீர் அடித்தீர்!

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் கதிரையில் முழுக்கால்சட்டை, இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தேன். பூசைக்குப் போகிற ஆள்போல. மணி அடித்ததும் எடுத்துக் காதில் வைத்தேன். முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு பலகையில் கத்தி. பிறகு தூரத்தில் நோரா.

“அம்மம்மா, என்ரை மற்றச் சப்பாத்து எங்கை?”

“உன்ரை காலிலைதான் கிடக்கு. குனிஞ்சு பார்.”

“இது இல்லை, மற்றது!”

“மற்றக் காலைப் பாரன் பிள்ளை.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சீலைத் தலைப்பு இல்லாதபடியால் துவாயை அடைத்தேன். அதற்குப் பிறகு நிலூஜா வந்தாள்.

“அம்மா, போனை ஏன் மேசையிலை படுக்க வைச்சிருக்கிறீங்கள்? லைன்லை ஆர்?”

“ஒருத்தருமில்லை. உன்ரை கொப்பர்.”

“அப்பாவோ! அப்ப கதையுங்கோவன்.”

“அவர் கதைக்க வரேல்லை. கேக்க வந்தவர்.”

“உங்கள் ரெண்டு பேருக்கும் விசர். பேசாமல் அப்பாவை இஞ்சை கூப்பிட்டு வைச்சிருப்பமே?”

கத்தி நின்றது. நான் போனைக் காதோடு அழுத்தினேன். அப்போது நீர் சொன்னீர்:

“வேண்டாம். இஞ்சை வந்தால் சோபாவிலை சிலைமாதிரி இருப்பார். அது எனக்குத் தெரிஞ்ச ஆள், அந்த ஆளோடை இருந்து பார்த்திட்டன். அங்கையிருந்து கதைக்கிறவர்தான் என்ரை புருசன்.”

எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு உரத்துச் சொன்னீர். கேட்டது. நன்றாகக் கேட்டது.

நீர் வைத்த பிறகும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே பனி, டிராம் சத்தமில்லாமல் போனது. என் வாய் தன்பாட்டில் திறந்தது. அரை மணித்தியாலம் கதைத்தேன். யாரும் கேட்கவில்லை, அதைப்பற்றி எனக்குக் கவலையும் இல்லை. வாய் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் சங்கதி. சனிக்கிழமை காலை நான் அடித்தபோது உமக்கே தெரிந்திருக்கும். அருள்நாயகி ரீச்சர் என்னை இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்ட கதையை, நீர் கேட்கிறீர் என்று தெரிந்துகொண்டே, முழுதாகச் சொன்னேன். “அங்காலை சொல்லுங்கோ” என்று நடுவில் ஒரு குரல் கேட்டது. நீர்தான் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை என்று பாவனை பண்ணிக்கொண்டு அங்காலை சொன்னேன்.

இனி உம்மை வரச் சொல்லிக் கேட்கமாட்டேன். நானும் வரமாட்டேன். சட்டைகளைத் திரும்பவும் அலுமாரிக்குள் அடுக்கிவிட்டேன். மனக்குறை இல்லை.

வெள்ளிக்கிழமை நீர் பலகையில் வெட்டியது என்ன? வாழைக்காய் என்றால் சத்தம் இன்னும் மெதுவாக இருக்கும். கரட்டோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொல்ல வேண்டாம், இன்னும் சில காலை கேட்டால் நானே கண்டுபிடித்துவிடுவேன். திங்கள், புதன், வெள்ளி நீர் அடியும். மற்ற நாட்கள் என்னுடைய முறை. ஞாயிற்றுக்கிழமையில் பூசைக்குப் பிறகு இந்த மேசையில் இருந்து எழுதுவேன். வரும் ஞாயிறும் எழுதுவேன், அதற்குள் எழுத்துகள் கோட்டில் நிற்கப் பழகினாலும் சரி, பழகாவிட்டாலும் சரி.

உம்முடைய புருஷன்,
எலியாஸ்